ஓரக்கல்லில் மோதிய சக்கரம்

வீதி திரும்புங்கால் வேகம் சிறிது மிகுதலாலோ, மழைநீர் பாதையை மறைத்தலாலோ, எதிர்வரும் வண்டியின் ஒளி கண்ணைக் கூசச் செய்தலாலோ, மோட்டார் வண்டியின் முன்சக்கரம் நடைபாதையின் ஓரக்கல்லில் மோதுதல் நகரங்களில் நாடோறும் நிகழ்வதொன்று. ஓட்டுவோர் இறங்கி நோக்குவர். டயர் வெடிக்கவில்லை, விளக்கு உடையவில்லை, எஞ்சினும் ஓடுகின்றது என்று கண்டு, ‘ஒன்றுமில்லை’ எனத் தம்மைத் தேற்றிக்கொண்டு போய்விடுவர். அச்சொல் எத்துணை மெய்யானது என ஆராய்வதும், மெய்யன்றாயின் செய்யத்தக்கது யாது எனக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அடியின் வலிமையை அறிதல் வேண்டும். 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திற் செல்லுங்கால் அது கொண்டுள்ள ஆற்றல், அவ்வண்டியை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தினின்று வீழ்த்தினால் உண்டாகும் ஆற்றலுக்கு ஒப்பாகும். வேகம் 40 ஆயின் ஆற்றல் இருமடங்கன்று, நான்மடங்காகும். உயரமும் ஆறு மீட்டருக்கு மேற்படும். இவ்வாற்றல் முழுவதும் கல்லின்மேற் செலவாவதில்லை. எனினும், செலவாகும் பங்கைத் தாங்குவன ஒரே சக்கரமும் அதனைப் பிடித்துள்ள சில உலோகத் துண்டுகளுமேயாம்.

அத்துண்டுகள் யாவை? மாட்டுவண்டியில் ஓர் அச்சும், அதன் இருமுனையிலும் குடமும் கடையாணியும் உள்ளன, அமைப்பு அவ்வளவே. மோட்டார் வண்டியின் முன்சக்கரமோ மேலுங்கீழும் அசைதல் வேண்டும். இடமும் வலமும் திரும்புதலும் வேண்டும். இவ்விரு தொழிலையும் ஒருங்கே நிகழ்த்தும் பல்வேறு அமைப்புக்களுள் இக்காலத்துச் சிறு வண்டிகளிற் பெரிதும் வழங்குவது, அமெரிக்கப் பொறியாளராகிய எர்ல் மக்பெர்சன் என்பவர் பெயரால் வழங்கும் அமைப்பாம். 1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான போர்டு கான்சல் வண்டி இதனைக் கொண்டிருந்தது. 1983-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வெளிவந்த மாருதி 800 வண்டியின் முன்புறமும் இம்முறையினதே.

இதில் சக்கரத்தின் குடத்தை ஏந்திநிற்பது ‘நக்கிள்’ எனப்படும் முழங்கை போன்ற உலோகப் பகுதி. அதனை மேலே தாங்குவது சுருள்வில்லும் அதிர்ச்சி தணிக்கும் எண்ணெய்க் குழாயும் இணைந்த ‘ஸ்ட்ரட்’. கீழே, வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து நீண்டு வந்து பற்றுவது ‘லோயர் ஆர்ம்’ என்னும் கீழ்க்கை. கீழ்க்கையும் நக்கிளும் கூடுமிடத்தில், தோள்மூட்டுப் போல எப்பக்கமும் அசையத்தக்க ‘பால் ஜாயிண்ட்’ என்னும் உருண்டை மூட்டு உளது. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்திற்குக் கொணர்வது ‘டை ராட்’ என்னும் மெல்லிய கோல். ஓரக்கல்லின் அடி சக்கரத்தைப் பின்னும் உள்ளும் தள்ளுதலின், டை ராடும் கீழ்க்கையும் வளைதலே பெரும்பான்மை. அடி மிகுமாயின் ஸ்ட்ரட்டும் நக்கிளும் வளையும். இன்னும் மிகுமாயின் அவற்றைத் தாங்கும் அடிச்சட்டமே இடம்பெயரும்.

உட்கேட்டை வண்டி பல குறிகளால் உணர்த்தும். நேரான பாதையில் ஸ்டியரிங் கோணலாக நிற்றல், பிடியைத் தளர்த்தினால் வண்டி ஒருபுறம் இழுத்தல், சக்கரம் நடுங்குதல், பள்ளத்தில் இறங்குங்கால் ‘டக்’ என்னும் ஒலி எழுதல், டயரின் ஓரம் மட்டும் விரைந்து தேய்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்று தோன்றினும் மேலும் ஓட்டாது சோதித்தல் வேண்டும்.

சோதிக்கும் முறை வருமாறு: சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஜாக்கியால் முன்புறத்தை உயர்த்துக. ஜாக்கி உயர்த்துதற்கே உரியது. அதனை நம்பி அடியிற் புகுதல் உயிரைப் பணயம் வைத்தலாம். ஆதலின், வலிய தாங்கிகளை உரிய இடத்தில் நிறுத்திய பின்னரே வேலையைத் தொடங்குக. சக்கரத்தைச் சுழற்றி, அதன் விளிம்பு பக்கவாட்டில் ஆடுகின்றதா என நோக்குக. ஆடுமாயின் ரிம் அல்லது குடம் வளைந்ததென அறிக. சுழலுங்கால் உறுமல் கேட்பின் பேரிங் கெட்டது. டயரின் பக்கச்சுவரிற் புடைப்பு இருப்பின் உள்ளிழைகள் அறுந்தன. அத்தகைய டயரை நீக்குதலன்றி வேறு மருந்தில்லை. மேலுங்கீழும் பிடித்து அசைக்கச் சக்கரம் ஆடுமாயின் பால் ஜாயிண்டையோ பேரிங்கையோ ஐயுறுக. இருபக்கமும் பிடித்து அசைக்க ஆடுமாயின் டை ராடின் முனையை ஐயுறுக. பிரேக் எண்ணெய் செல்லும் இரப்பர்க் குழாயையும் நோக்க மறவற்க. இறுதியாக, அடிபடாத பக்கத்தையே உரைகல்லாகக் கொண்டு, இருபுறத்து உறுப்புக்களையும் ஒப்பிடுக. கண்ணுக்குப் புலப்படாத வளைவையும் இவ்வொப்புமை பெரும்பாலும் காட்டிவிடும்.

இனிப் பழுது நீக்குதல். வளைந்த கீழ்க்கையையும் டை ராடையும் நெருப்பிற் காய்ச்சிச் சுத்தியால் நிமிர்த்தித் தருவார் சிலர் உளர். இது மிகவும் இடர் பயப்பது. காய்ச்சிய எஃகு தன் உறுதியை இழத்தல் கூடும். அலுமினியமோ வெளிக்குத் தோன்றாத வெடிப்பை உள்ளே கொண்டிருத்தல் கூடும். நிமிர்ந்த வடிவத்தைக் கண் காணும். போன வலிமையைக் கண் காணாது. ஆகையால் வளைந்ததை மாற்றுதலே நெறி.

மாற்றுங்கால் கருதத்தக்கன சில. டை ராடின் முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்றிற் கழன்றது என எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுக. கீழ்க்கையின் உள்முனையில் இரப்பர் புஷ் உளது. வண்டி தன் பாரத்தோடு சக்கரங்களின்மேல் நிற்கும் நிலையிலேயே அவ்விடத்துப் போல்ட்டை இறுதியாக முறுக்குக. தொங்கும் நிலையில் முறுக்கின், வண்டியை இறக்கியவுடன் இரப்பர் முறுக்குண்டு விரைவிற் கிழியும். பிளவூசி இடும் நட்டின் துளை பொருந்தாவிடின், சிறிது மேலும் இறுக்கிப் பொருத்துக; தளர்த்திப் பொருத்தற்க. எல்லா நட்டுக்களையும் செய்தோர் நூலிற் குறித்த அளவிற்கே முறுக்களவு காட்டும் திறப்பானால் இறுக்குக. ஸ்ட்ரட்டின் சுருள்வில் அழுத்துண்டு நிற்பதாகலின், அதனை அமுக்கிப் பிடிக்கும் கருவியின்றி உச்சி நட்டைக் கழற்றுதல் ஆளைக் கொல்லும்.

இவற்றின் பின்னரே வீல் அலைன்மெண்ட் என்னும் சீரமைப்பு. முன்னின்று நோக்கச் சக்கரம் சாய்ந்திருக்கும் சாய்வு கேம்பர். பக்கத்தினின்று நோக்கத் திரும்பும் அச்சின் சாய்வு காஸ்டர். மேலிருந்து நோக்கச் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்றல் டோ. செல்லும் திசைக்கு ஒரு பாகை மாறி நிற்கும் சக்கரம், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகின்றது. புதிய டயர் சில நாளிற் பாழாவது இதனாலேயே.

பல சிறு வண்டிகளில் டோ ஒன்றே திருத்தத்தக்கது. கேம்பரும் காஸ்டரும் உறுப்புக்களின் வடிவாலேயே அமைவன. ஆகவே, இவ்விரண்டும் அளவு தவறி நிற்பின், ஏதோ ஓர் உறுப்பு இன்னும் வளைந்துளது என்பதற்கு அதுவே சான்று. அச்சான்றைப் புறக்கணித்து, டோவை மட்டும் திருத்தி, ஸ்டியரிங் நேராயிற்று எனக் கூலி பெறுதல் நோயை மறைத்தலேயன்றித் தீர்த்தலாகாது. வாடகை வண்டி ஓட்டுவோர்க்கு ஒருநாள் வேலையின்மை ஒருநாள் உணவின்மையே. அவர் விரைவை நாம் பழித்தல் தகாது. எனினும், மூட்டு விடுபடும் நாளிற் சக்கரம் மடங்கி வண்டி எப்பக்கம் பாயும் என்பதை எவராலும் கூறவியலாது. அப்போது இடர்ப்படுவார் ஓட்டுவோர் மட்டுமல்லர். உள்ளே அமர்ந்தோரும், பாதையோரம் நடப்போருமாவர். கடையாணி சிறிது, வண்டியோ அதனால் நிற்கின்றது. மோதிய அன்றே சோதிப்பானுக்குச் செலவு ஒரு கீழ்க்கையோடு முடிதல் கூடும். பொறுத்திருப்பானுக்கு எதனோடு முடியும் என வரையறுக்க இயலாது.