தண்ணிக்குள்ள ஃபேன் சுத்தினா என்ன ஆகும்?

போன வருஷம் அப்பாவைக் கூட்டிட்டு குயின்ஸ்லாந்தோட கேப் யார்க் போயிருந்தேன். ஓல்ட் டெலிகிராஃப் டிராக்ல ஓர் ஓடை, இடுப்பளவு தண்ணி. ஸ்நார்க்கல் இருக்குங்கிற தைரியத்துல என் பழைய டீசல் வண்டியை வேகமா இறக்கினேன். பாதியில கரகரன்னு சத்தம். கரையேறிப் பாத்தா ரேடியேட்டர்ல வட்டமா வெட்டு, கூலன்ட் ஒழுகுது. ஃபோன் சிக்னலும் இல்ல.

தப்பு என்னுதுதான். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால நின்னு காத்தை இழுக்குது. தண்ணி காத்தைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதுல சுத்தினா ஃபேன் படகு ப்ரொப்பல்லர் மாதிரி ஆயிடும். இறக்கைகள் முன்னால வளைஞ்சு ரேடியேட்டரை அறுத்துடும்.

இப்ப நான் செய்யறது இதுதான்:

- இறங்கறதுக்கு முன்னாடி இஞ்சினை ஆற விடுவேன். விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் சூட்டுல இறுகும், ஆறினா வழுக்கும். எலெக்ட்ரிக் ஃபேன்னா அணைச்சிடணும்.
- கிரில் மேல தார்ப்பாய் கட்டுவேன். வண்டி நகர்ற வரைக்கும்தான் அது தண்ணியைத் தடுக்கும், அதனால நடுவுல நிறுத்தக் கூடாது.
- லோ ரேஞ்ச், நடை வேகம். முன்னால எழற அலைக்குப் பின்னாடியே போவேன்.
- நைஞ்ச இஞ்சின் மவுன்ட்டை மாத்திட்டேன். இல்லன்னா இஞ்சினே முன்னால ஆடும்.

வேற வண்டி வந்து இழுக்கிற வரைக்கும் அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "ஆழம் தெரியாம காலை விடாதேடா." அங்க முதலை இருக்கு, காலை விட்டுப் பாக்கவும் முடியாது. அப்பல்லாம் திரும்பிப் போறதுதான் சரியான முடிவு.