மலையூருக்கு இணையம் வரும் வழி

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் நீலநிறச் சுவர்போல ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதை வெள்ளிமலைக்கு ஏறுகிறது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். சாமையும் மரவள்ளியும் விளைவிக்கிறார்கள். கடுக்காயும் தேனும் சேகரிக்கிறார்கள். 1976 வரை இம்மலை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. பள்ளியும் சாலையும் மின்சாரமும் சமவெளிக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே இங்கு எட்டிப் பார்த்தன.

இணையத்தின் கதையும் அப்படித்தான். சமவெளியில் ஒருவர் கைப்பேசியில் பாடம் பார்க்கிறார், பணம் அனுப்புகிறார், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார். மலையின் உட்புற ஊர்களில் அதே வேலைக்குச் சிக்னல் தேடி மேட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் சில பத்துக் கிலோமீட்டர் தூரமே இருக்கும். ஒளியோ ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. பிறகு ஏன் இந்தத் தாமதம்? இதற்கு இயற்பியலில் பாதி விடையும், கணக்கில் மீதி விடையும் இருக்கின்றன. இரண்டையும் பார்ப்போம்.

'அகலம்' என்றால் என்ன?

இணையத்தில் எல்லாச் செய்தியும் 0, 1 என்ற இரண்டே குறிகளாகச் செல்கிறது. ஒவ்வொரு குறியும் ஒரு பிட். ஒரு நொடியில் எத்தனை பிட்டுகள் வந்து சேருகின்றன என்பதே இணைப்பின் வேகம். இந்தியாவில் 2004-இல் வெளியான கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதை அகலப்பட்டை, அதாவது பிராட்பேண்ட், என்று ஏற்றுக்கொண்டது. 2013-இல் அது 512 கிலோபிட் ஆனது. 2023-இல் 2 மெகாபிட் ஆக உயர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்தில் 40 மெகாபிட் இருக்கின்றன. அதை இறக்க 256 கிலோபிட் வேகத்தில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 2 மெகாபிட் வேகத்தில் 20 நொடி போதும். ஓடும் படத்தைத் தடையின்றிப் பார்க்க வேண்டுமானால் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

செம்பு ஏன் களைத்துப் போகிறது?

முன்பு வீடுகளுக்கு வந்த தொலைபேசிக் கம்பி செம்பால் ஆனது. மனிதக் குரலைக் கொண்டுபோக அது நன்றாகப் போதும். குரலுக்குத் தேவையான அதிர்வெண் 4000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதே கம்பியில் இணையத்தையும் அனுப்பலாமே என்று எண்ணினார்கள். 2005 ஜனவரியில் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். தொடங்கிய அகலப்பட்டைச் சேவை இந்த முறையில்தான் வந்தது. ஆனால் நிறைய பிட்டுகளை அனுப்பப் பத்து லட்சம் ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்கள் தேவை. அதிர்வெண் கூடக் கூடச் செம்புக் கம்பியில் இழப்பும் கூடுகிறது. பத்து லட்சம் ஹெர்ட்ஸில் மெல்லிய தொலைபேசிக் கம்பி ஒன்றில் ஒரு கிலோமீட்டர் சென்றதும் சைகையின் திறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும்! நான்கைந்து கிலோமீட்டருக்கு அப்பால் பயனுள்ள வேகம் எதுவும் மிஞ்சாது.

நகரத்தில் தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஓரிரு கிலோமீட்டர்தான். மலையிலோ ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடையும் காடும் கிடக்கின்றன. ஆகவே செம்பு மலைக்கு ஏற்றதாக அமையவில்லை.

கண்ணாடிக்குள் ஓடும் ஒளி

இதற்கு மாற்றாக வந்தது கண்ணாடி இழை. இதன் தடிமன் 125 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இழையின் நடுப்பகுதியின் ஒளிவிலகல் எண், அதைச் சுற்றியுள்ள உறையின் ஒளிவிலகல் எண்ணைவிடச் சற்று அதிகம். அதனால் உள்ளே நுழைந்த ஒளி, மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிய கோணத்தில் உறையைத் தொடும்போது வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்புகிறது. பாடப்புத்தகத்தில் நீங்கள் படிக்கும் முழு அக எதிரொளிப்பு இதுதான். இழை வளைந்தாலும் ஒளி அதனோடு வளைந்து செல்லும்.

தொடக்கத்தில் கண்ணாடியில் இருந்த மாசுகள் ஒளியை விழுங்கிவிட்டன. மாசை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் போகும் என்று 1966-இல் சார்லஸ் காவோ என்ற அறிவியலாளர் காட்டினார். இதற்காக 2009-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இன்றைய இழையில் ஒளி 15 கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதித் திறன் மிஞ்சுகிறது. நூறில் ஒரு பங்காகக் குறைய அது 100 கிலோமீட்டர் போக வேண்டும். செம்பு ஒரு கிலோமீட்டரில் இழப்பதைக் கண்ணாடி நூறு கிலோமீட்டரில்தான் இழக்கிறது. எனவே கள்ளக்குறிச்சியில் ஏற்றிய ஒளி வழியில் எங்கும் வலுவூட்டப்படாமலேயே வெள்ளிமலையை எட்டிவிட முடியும்.

கோபுரம் எதைப் பார்க்கிறது?

"செல்பேசிக் கோபுரம் ஒன்றை நட்டால் போதாதா? கம்பி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கைப்பேசியிலிருந்து கோபுரம் வரை மட்டுமே காற்று வழிப் பயணம். கோபுரத்திலிருந்து வெளியுலகுக்குச் செய்தி செல்லக் கண்ணாடி இழை வேண்டும். அல்லது ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் நுண்ணலைத் தட்டுகள் வேண்டும். குழாய் பெரிதாக இருந்து என்ன பயன், தொட்டிக்குத் தண்ணீர் வராவிட்டால்?

காற்று வழியிலும் மலை ஒரு தடைதான். கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே ஒரு குன்று நின்றால் அதன் பின்புறம் நிழல் விழும். இந்த நிழல் எல்லா அலைகளுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அலைநீளம் அதிகமானால் விளிம்பு விளைவால் அலை குன்றின் முகட்டில் சற்றுக் கூடுதலாக வளைந்து இறங்கும். 2100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 14 சென்டிமீட்டர். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். மலைக்கும் காட்டுக்கும் இரண்டாவதே ஏற்றது. ஆனாலும் ஆழமான பள்ளத்தாக்குகளுக்கு அதுவும் எட்டாது. சமவெளியில் ஒரு கோபுரம் நின்றால் சுற்றிலும் பல ஊர்கள் பயன்பெறும். மலையில் ஒரு மடிப்புக்கு ஒரு கோபுரம் தேவைப்படும்.

இதுவரை பார்த்ததிலிருந்து ஒன்று விளங்குகிறது. மலைக்கு இணையத்தை ஏற்றும் தொழில்நுட்பம் நம்மிடம் இருக்கிறது. அப்படியானால் தடை எங்கே?

ஒரு சிறு கணக்கு

சில எண்களைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு கோபுரத்தை இயக்க மாதம் 60,000 ரூபாய் ஆகிறது. ஒரு வாடிக்கையாளர் மாதம் 150 ரூபாய் தருகிறார். நகரக் கோபுரத்துக்கு 2,000 வாடிக்கையாளர்கள். வரவு 3 லட்சம், மிச்சம் 2,40,000 ரூபாய். மலைக் கோபுரத்துக்கு 200 வாடிக்கையாளர்கள். வரவு 30,000, இழப்பு 30,000 ரூபாய். நாட்டில் ஒரே ஒரு நிறுவனம் இருந்தால் ஒரு நகரக் கோபுரத்தின் மிச்சம் எட்டு மலைக் கோபுரங்களைத் தாங்கும். தொலைபேசி அரசிடம் மட்டும் இருந்த காலத்தில் இப்படித்தான் நடந்தது.

இப்போது நகரத்தில் நான்கு நிறுவனங்கள் போட்டியிடுகின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 500 வாடிக்கையாளர்கள். வரவு 75,000, மிச்சம் 15,000. இது ஒரு மலைக் கோபுரத்தின் இழப்பில் பாதிக்குத்தான் காணும். போட்டியில் கட்டணம் 100 ரூபாயாகக் குறைந்தால் நகரக் கோபுரமே 10,000 ரூபாய் இழப்பில் ஓடும்.

போட்டி தீயது என்பதல்ல இதன் பொருள். 1995-இல் நாட்டில் செல்பேசி தொடங்கியபோது ஒரு நிமிடப் பேச்சுக்கு 8 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. போட்டியால்தான் அது ஏழைக்கும் எட்டியது. ஆனால் போட்டி, வாடிக்கையாளர் கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் ஓடும். மலையை நோக்கித் தானாக ஓடாது.

அரசு நிறுவனம் பட்ட பாடு

பி.எஸ்.என்.எல். 2000 அக்டோபர் 1-இல் தன் பணியைத் தொடங்கியது. அதுவரை அரசுத் துறையாக இருந்த தொலைத்தொடர்பு, ஊழியர்களோடும் ஊர்ப்புறக் கடமையோடும் நிறுவனமாக மாறியது. 2008-09 வரை அது இலாபம் ஈட்டியது. பிறகு நட்டம் தொடர்ந்தது. காரணங்கள் பல.

2010-இல் மூன்றாம் தலைமுறை, அகலப்பட்டை அலைவரிசைகளுக்காக நாடு முழுவதற்கும் சுமார் 18,500 கோடி ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. தனியார் தாம் விரும்பிய வட்டங்களை மட்டும் ஏலத்தில் எடுத்தார்கள். அரசு நிறுவனத்துக்கு அந்தத் தேர்வு இல்லை. அதே ஆண்டில் 9 கோடியே 30 லட்சம் இணைப்புகளுக்கான கருவி கொள்முதல் டெண்டர் ரத்தாயிற்று. அரசு நிறுவனம் எதை வாங்கினாலும் டெண்டர், தணிக்கை, விசாரணை என்று காலம் நீளும். பொதுப்பணத்துக்கு அந்தக் காவல் தேவைதான். ஆனால் போட்டியாளர் அதற்குள் ஓடிவிடுகிறார்.

நான்காம் தலைமுறைச் சேவையைத் தனியார் 2012-இல் தொடங்கினர். 2016-க்குப் பின் அது நாடெங்கும் பரவியது. பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த அலைவரிசை தருவதென அரசு முடிவு செய்ததே 2019 அக்டோபரில்தான். செலவைக் குறைக்க விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 2020 ஜனவரி 31-இல் ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்டோர் ஓய்வு பெற்றார்கள். சம்பளச் சுமை குறைந்தது. ஆனால் எந்தக் கம்பி எந்த மரத்தடியில் செல்கிறது என்று அறிந்த கைகளும் குறைந்தன. 2020-இல் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் உள்நாட்டிலேயே உருவாக்குவது என்ற முடிவும் வந்தது. சி-டாட், தேஜஸ், டி.சி.எஸ். ஆகியவை சேர்ந்து அதை உருவாக்கின. 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் 2023-இல் ஒதுக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 27-இல் இந்த உள்நாட்டு நான்காம் தலைமுறை வலையமைப்பு நாட்டுக்கு அளிக்கப்பட்டது. சொந்தத் தொழில்நுட்பம் கைவந்தது பெருமையே. அதற்கு நாம் கொடுத்த விலை காலம். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்கு மாறியபோது, மலை மாணவர்களுக்கு அந்தத் தாமதத்தின் பொருள் புரிந்திருக்கும்.

பொது உண்டியல்

நகரத்தின் மிச்சம் மலைக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது என்று கணக்கில் கண்டோம். அதைத் திறக்க ஒரு வழி உண்டு. எல்லா நிறுவனங்களும் தம் வருவாயில் ஒரு பங்கை ஓர் உண்டியலில் போடுவது. அதிலிருந்து எடுத்து யாரும் போகாத ஊருக்குச் செலவிடுவது. 2002 முதல் இந்தியாவில் இப்படியொரு நிதி உள்ளது. வருவாயில் 5 விழுக்காடு இதில் சேர்கிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி.

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இழுக்கும் பாரத்நெட் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று இந்த நிதியில் நடக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி டான்பிநெட் என்ற மாநில நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. செல்பேசிச் சேவையே இல்லாத சுமார் 25,000 இந்தியக் கிராமங்களில் கோபுரம் நட 2022-இல் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி, வேலையைப் பி.எஸ்.என்.எல்.லிடம் தந்தார்கள். இலாபம் இல்லாத இடத்துக்குப் போகச் சொல்லும்போது அரசுக்கு நினைவு வருவது அரசு நிறுவனமே.

ஆனால் இழையை இழுத்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. சாலை தோண்டினால் இழை அறுபடும். மரம் சாய்ந்தால் அறுபடும். மின்சாரம் நின்றால் கோபுரம் உறங்கிவிடும். அறுந்த இழையின் இரு முனைகளையும் உருக்கி ஒட்டக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். அந்த ஆள் கள்ளக்குறிச்சியிலிருந்து வர வேண்டுமா, மலையிலேயே இருப்பாரா என்பதைப் பொறுத்தே இணைப்பு மணிக்கணக்கில் மீளுமா, வாரக்கணக்கில் மீளுமா என்பது அமையும். மலையின் இளைஞர்களுக்கே இந்தப் பயிற்சி கிடைத்தால் எவ்வளவு நன்மை!

நீங்களும் செய்து பாருங்கள்

ஒளி வளைந்து செல்வதைக் காண ஆசையா? ஒரு தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு, விரலால் அடைத்து நீர் நிரப்புங்கள். இருட்டறையில் துளைக்கு எதிர்ப்புறமிருந்து டார்ச் ஒளியைத் துளையை நோக்கிப் பாய்ச்சி, விரலை எடுங்கள். வளைந்து விழும் நீரோடு ஒளியும் வளைந்து வந்து, நீர் விழும் இடத்தில் மினுங்கும். 1854-இல் ஜான் டிண்டால் இலண்டனில் இதுபோன்ற சோதனையைத்தான் செய்து காட்டினார்.

அடுத்து உங்கள் ஊரை ஆராயுங்கள். பள்ளி, ஊராட்சி அலுவலகம், உங்கள் தெரு ஆகிய மூன்று இடங்களில் காலை, மாலை இணைய வேகத்தை ஒரு வாரம் அளந்து அட்டவணையாக எழுதுங்கள். கோபுரம் எத்திசையில் இருக்கிறது, நடுவே குன்று உண்டா, ஊராட்சிக்கு இழை வந்திருக்கிறதா, வந்தது வேலை செய்கிறதா என்று கேட்டுக் குறியுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் அட்டவணையைப் பெரியவர்களிடம் கொடுத்து அங்கே வைக்கச் சொல்லுங்கள். "எங்கள் ஊரில் சிக்னல் இல்லை" என்பது குறை. அளந்து எழுதிய அட்டவணை சான்று. சான்றோடு கேட்கும் கேள்வியை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.