உங்களுக்குத் தெரியுமா?
அலகாபாத்தில் நின்றுபோன கரிய விமானம்

1934 அக்டோபர் 20 அன்று இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்ன் நோக்கித் தொடங்கிய ஆகாயப் பந்தயத்துக்கென்றே டி ஹாவிலண்ட் நிறுவனம், ஒன்று 5,000 பவுன் விலையில், ‘காமெட்’ எனும் இரட்டை எஞ்சின் மர விமானங்கள் மூன்றை நிர்மாணித்தது. அவற்றுள் கருமையும் பொன்னிறமும் பூண்ட ‘பிளாக் மேஜிக்’, ஜகப் பிரசித்தி பெற்ற வைமானிகத் தம்பதியர் ஜிம் மாலிசனுக்கும் ஏமி ஜான்சனுக்கும் உரியது.

கராச்சி வரை முன்னணியில் பறந்த அவ்விமானம், பின்னர் வழி தவறி ஜபல்பூரில் இறங்கி, விமானத்துக்கு ஒவ்வாத சாதாரண பெட்ரோலை நிரப்பிக்கொள்ள நேர்ந்ததால் எஞ்சின் பழுதுற்று, அலகாபாத்தோடு பந்தயத்தினின்று விலகியது. சகோதர விமானமான ‘குரோவ்னர் ஹவுஸ்’ 71 மணி நேரத்துக்குள் மெல்போர்னை அடைந்து வாகை சூடியது.

விமானத்தின் பெயரும் வர்ணமும் மாறினாலும், அரசாங்கப் பதிவேட்டின் எழுத்துக்கள் அதன் உரிமை வரலாற்றைக் காட்டிக்கொடுக்கும். ஜி-ஏசிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் பதிவுடன் பிறந்த ‘பிளாக் மேஜிக்’, 1935-இல் போர்ச்சுகலுக்கு விற்கப்பட்டு, அந்நாட்டு ஆட்சித் தலைவரின் நாமத்தைத் தாங்கி ‘சலசார்’ ஆகி, சிஎஸ்-ஏஏஜே எனப் புதுப் பதிவு பெற்றது. அதன்பின் பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்த அதன் சிதைந்த உடல், 1979-இல் போர்ச்சுகலில் கண்டெடுக்கப்பட்டு, புனருத்தாரணத்துக்காக இங்கிலாந்துக்கே திரும்பியது. வென்ற விமானமோ இன்று ஷட்டில்வொர்த் சேகரிப்பின் உடைமை.