பெரியம்மா போகாத ஆறாவது நடை

எங்கள் காலனியில் என் பெரியம்மா களையெடுப்புக்குப் போகாத நாள் குறைவு. மாதவிலக்கு நின்று நான்கு வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனைக்கு முதல் நடை சீட்டு போட. இரண்டாவது சதைப் பரிசோதனைக்கு. மூன்றாவது முடிவு வாங்க. இன்னும் வரவில்லை என்றார்கள். நான்காவது நடையில் சொன்னார்கள்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஐந்தாவது நடை, ஸ்கேனுக்குத் தேதி வாங்க. ஒவ்வொரு நடைக்கும் அவர் கூலியும் போனது, துணைக்குப் போன மகன் கூலியும் போனது. ஆறாவது நடைக்கு அவர் கிளம்பவில்லை. அடுத்த ஆடிக்குள் இறந்துபோனார். ‘நோயாளி வரவில்லை’ என்று ஏட்டில் எழுதியிருப்பார்கள்.

இத்தனை நடை தேவையில்லை என்பதை நம் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களே உலகத்துக்குக் காட்டியிருக்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, அம்பிளிக்கையில் உள்ள ஒரு சமூக சுகாதார மையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்களைச் செவிலியர்களே பரிசோதித்தார்கள். வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கர்ப்பப்பை வாயில் தடவினால், மாற்றம் கண்ட இடம் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களுக்கு அன்றைக்கே அடுத்த பரிசோதனை. தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் அதே நடையில். பாதிப்பு பெரிதாக இருந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.

2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்த நோய் 25 சதவீதமும், இதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

அந்த ‘மற்ற ஊர்களில்’ 30,958 பெண்கள் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்களுக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. இது சரியா என்று மருத்துவ உலகமே பின்னர் கேட்டது. நாமும் கேட்க வேண்டும். 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் இதே நோய்க்கான தடுப்பூசி ஆய்வில் பழங்குடிச் சிறுமிகள் சேர்க்கப்பட்டார்கள். பலருடைய ஒப்புதல் படிவத்தில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர் கையெழுத்திட்டிருந்தார். 2010இல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. குறை தடுப்பூசியில் இல்லை. ஏழைப் பிள்ளையின் உடம்புக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்ற அலட்சியத்தில் இருந்தது.

ஆய்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. படிவத்தை நம் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். மறுக்கும் உரிமை உண்டு என்று சொல்லுங்கள். கண்டறிந்ததை எங்கள் ஊருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள் என்கிறோம். நோய் உறுதியானவருக்கு முதல் சீட்டிலிருந்து கடைசி ஊசி வரை உடன் வந்து வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். இழந்த கூலிக்கும் பஸ் செலவுக்கும் ஈடு வேண்டும்.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். கல்லூரியில் படிக்கும் தங்கை, தம்பிகளே, இந்த வாரம் உங்கள் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். முதல் நடைக்கு நீங்கள் துணைக்குப் போங்கள்.