பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?

போன வருடம் எங்கள் உடுமலை மாரியம்மன் கோயில் தேரோட்டத்தன்று, ஏழாம் வகுப்புப் படிக்கும் என் சின்னவள் தேரையே பார்க்கவில்லை. முன்னால் பறை அடித்துப் போனவர்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவாமல், "அம்மா, நான் பறை கத்துக்கறேன்" என்றாள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இதெல்லாம்? பாட்டு கிளாஸ் போறியே, அது போதாதா?" இப்படிக் கேட்டது என் மாமியார் என்று நினைப்பீர்கள். இல்லை, நானேதான். மாமியார் அதற்கும் மேலே போனார். "அது சாவு மேளம் அம்மிணி, வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே வரப்படாது." அவள் அழவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் கதையைப் படித்தேன். ஒலிம்பிக் வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியர், ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன், நம் சென்னைப் பெண் இவர்தான். அப்பா கோயில் அர்ச்சகர். அம்மா ரமணி நம்மைப் போலக் குடும்பத் தலைவி. 2004-இல் பள்ளியில் சில விளையாட்டுகளை அறிமுகப்படுத்தினார்கள். மற்றவற்றில் இடமெல்லாம் நிரம்பிவிட, மீந்திருந்தது வாள்வீச்சு. அதில் சேர்ந்துவிட்டார். செலவு பிடிக்கும் விளையாட்டு என்பதால் அப்பாவின் வருமானத்தைக் கேட்டார்களாம். கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று பிற்பாடு பவானியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கனத்தது.

வாள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அடிக்கடி உடையும். ஆகவே பயிற்சிக்கு மூங்கில் குச்சி, போட்டிக்கு மட்டும் வாள். இவர் ஆடுவது 'சேபர்' என்ற வகை. இடுப்புக்கு மேலே பட்டால்தான் புள்ளி. உலோக இழை நெய்த சட்டையில் வாள் பட்டதும் விளக்கு எரியும். முகத்துக்கு வலை மூடி உண்டு; கண்ணில் குத்திவிடுமோ என்று நாம் பயப்பட வேண்டாம்.

முதல் வெளிநாட்டுப் போட்டிக்குத் துருக்கி போனபோது வயது 14. மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்குக் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். அத்தனை கடன்பட்டு அனுப்பிய பிள்ளை ஆடாமலே திரும்பினால் நம் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "இதோட நிறுத்திக்கோ" என்போம். ரமணி அம்மா நிறுத்தவில்லை. நகையை அடகு வைத்து மறுபடி அனுப்பினார். 2021 ஜூலையில் டோக்கியோவில் முதல் ஆட்டத்தில் துனீசியப் பெண்ணை 15-3 என்று ஜெயித்து, அடுத்ததில் பிரான்ஸ் வீராங்கனையிடம் பவானி தோற்றார். 2023-இல் ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார். வாள்வீச்சில் இந்தியாவுக்கு அங்கே கிடைத்த முதல் பதக்கம் அது.

நகையை அடகு வையுங்கள் என்று உங்களிடம் சொல்ல வரவில்லை. என் வளையலை அடகு வைக்க எனக்கே மனசு வராது. பீரோவுக்குப் பின்னால் நம் வீட்டிலும்தான் ஒரு கேரம் போர்டு நிற்கிறது. சென்னை ஆட்டோக்காரர் ஒருவரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அந்த வீட்டில் யாரோ ஒருவர் "போய் ஆடு" என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பறைக்கு வருகிறேன். அது வேண்டாம் என்று நான் சொன்னதற்குப் பெண் பிள்ளை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வாத்தியத்தை இன்ன ஜாதிக்காரர்தான் தொட வேண்டும் என்று ஊரே ஒதுக்கி வைத்திருந்ததில் நானும் ஒருத்தி. அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும்கூட அது கைக்குக் கிடைக்கவில்லை, ஆண்கள்தான் அடிப்பார்கள். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, அந்தப் பெண் பிள்ளைகள் கையிலேயே பறையைக் கொடுத்து மேடையேற்றியது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயா, ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். 2024-இல் அவருக்கும் பத்மஸ்ரீ. இதையெல்லாம் மாமியாரிடம் சொன்னேன். "கும்மி வேற, பறை வேற" என்றார்.

வாத்தியார் ஒருவரை எங்கள் வீட்டுக்காரர் விசாரித்து அழைத்து வந்தார். பரம்பரையாகப் பறை அடிக்கும் குடும்பம். நான் காபி கலந்துகொண்டிருந்தபோது மாமியார் அலமாரியின் கீழ்த்தட்டில் தனி டம்ளர் தேடுவதைப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. எல்லோருக்கும் கொடுக்கும் டம்ளரிலேயே ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

கற்றுக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் அது எத்தனை நுணுக்கமான வாத்தியம் என்று தெரிந்தது. மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்து வட்டச் சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல். ஒரு கையில் நீளமான மெல்லிய மூங்கில் குச்சி, மறு கையில் கட்டையான அடிக்குச்சி. மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காட்டினால்தான் நாதம் வரும்.

சின்னப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களுக்கு அனுபவத்தில் கண்ட சிலது சொல்கிறேன். முதல் சில வகுப்புகளுக்கு நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். சொல்லிக் கொடுப்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் தோள் வலிக்கும். அரை மணி போதும், போகப் போகக் கூட்டலாம். மூடிய அறையில் அடித்தால் காதுக்குக் கெடுதல், வாசலோ தோப்போதான் சரி. மாதவிலக்கு நாட்களில் வலி இருந்தால் ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் தடுக்காதீர்கள். பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் இருக்கின்றன. இசைப் பள்ளியில் நாதசுரம், தவிலில் பெண் பிள்ளைகளும் சேரலாம். விளையாட்டென்றால் பள்ளி பி.டி. வாத்தியாரிடம், எதில் ஆள் சேரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். கூட்டமில்லாத இடத்தில் நம் பிள்ளைக்கு முறை சீக்கிரம் வரும்.

வருகிற தை மாதம் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம். "அந்தப் பறையை மட்டும் எடுத்துட்டு வந்துராதீங்க" என்று போனில் சொன்னார்கள். சரி என்றுதான் சொன்னேன். கல்யாண வீட்டில் சண்டை போட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. சின்னவள் தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஐந்தரை வரை கொல்லையில் அடிக்கிறாள். தோலைக் காய்ச்சத் தென்னமட்டை நெருப்புத்தான் நல்லது, வெறகு புகையும் என்று நேற்று யோசனை சொன்னவர் மாமியார். டம்ளர் விஷயத்தில் அவர் இன்னும் இறங்கி வரவில்லை.