மடிக்கணினியும் வெம்மையும்

உழைப்பன யாவும் வெம்மை கொள்ளும் என்பது இயற்கையின் நியதி. ஓடி வந்தவனுடைய உடல் சுடுகின்றது. நெடுவழி உருண்ட வண்டியின் அச்சுச் சுடுகின்றது. அறுக்கும் வாளும் சுடுகின்றது. மடிக்கணினியும் இந்நியதிக்கு விலக்கன்று. அது சுடக் கண்டவுடனே பழுதுற்றது என்று அஞ்சுவோர் சிலர். எவ்வளவு சுட்டாலும் பொருட்படுத்தாதவர் சிலர். இவ்விரு திறத்தாரும் உண்மையை உணர்ந்தவர் ஆகார். எவ்வளவு வெம்மை இயல்பு, எவ்வளவு மிகை, அதனைப் போக்கும் வழி யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் இரு சொற்களை வேறு பிரித்து உணர்தல் வேண்டும். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. கொதிக்கும் நீர் ஒரு குவளையில் இருப்பினும் ஓர் அண்டாவில் இருப்பினும் அதன் வெப்பநிலை ஒன்றே. ஆயின், அண்டா நீரில் அடங்கிய வெப்பம் மிகுதி. வெப்பம் என்பது பொருளில் உள்ள ஆற்றலின் அளவு. வெப்பநிலை என்பது அப்பொருள் எவ்வளவு சுடுகின்றது என்பதைக் காட்டும் படி. கணினியினுள் தோன்றும் வெப்பம் சிறிதே. ஆயினும் அது கைவிரல் நகத்தளவான ஒரு சில்லில் தோன்றுதலின், அவ்விடத்து வெப்பநிலை விரைந்து ஏறுகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள, கடலூர் மாவட்டத்து நெய்வேலிக்கு வாருங்கள். அங்கே 1962-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு முதன்முதலாக மின்சாரம் ஆக்கப்பட்டது. அம்முதல் அனல்மின் நிலையம் நெடுங்காலம் உழைத்து 2020-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அதன்பின் வந்த நிலையங்கள் இன்று பணி புரிகின்றன. நிலக்கரியை எரித்துப் பெறும் வெப்பம் முழுவதும் மின்சாரமாவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகும். எஞ்சியதைப் புறத்தே போக்கியாக வேண்டும். கொதிகலத்தில் எழும் நீராவி சுழலியைச் சுழற்றுகின்றது. பின்னர்க் குளிர்ந்து மீண்டும் நீராகிக் கொதிகலம் புகுகின்றது. அந்நீராவியைக் குளிர்வித்த நீரோ தான் சூடேறிக் குளிர்விப்புக் கோபுரத்தை அடைகின்றது. ஆங்கு அந்நீர் துளித்துளியாக விழ, கீழிருந்து காற்று மேலெழுகின்றது. நீரின் ஒரு சிறு பகுதி ஆவியாகும்போது எஞ்சிய நீரின் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கின்றது. கோபுரத்தின் உச்சியில் நாம் காணும் வெண்முகில் புகையன்று. நீராவி குளிர்ந்த நுண்துளிகளே. மண்பானை நீர் குளிர்வதும், வியர்வை உலர உடல் குளிர்வதும் இம்முறையினாலேயே ஆகும்.

நெய்வேலியில் நிகழும் அதே செயல் மடிக்கணினியினுள்ளும் நிகழ்கின்றது என்றால் வியப்பன்றோ? கணினியின் மூளை எனத்தக்கது செயலி. அதனுள் கோடிக்கணக்கான நுண்ணிய மின்விசைகள் ஒரு நொடியில் எண்ணிறந்த முறை திறந்து மூடுகின்றன. அது கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறும். அதனைக் கடத்தச் செயலியின்மீது ஒரு செப்புத் தகடும், அதனோடு இணைந்த செப்புக் குழாயும் அமைக்கப்படுகின்றன. தகட்டுக்கும் செயலிக்கும் இடையே காற்று நில்லாவண்ணம் ஒரு பசை பூசப்படுகின்றது. குழாய் வெறுங்குழாய் அன்று. காற்று நீக்கப்பட்ட அதனுள்ளே சிறிதளவு நீர் உண்டு. சூடான முனையில் அந்நீர் ஆவியாகின்றது. மறு முனைக்குச் சென்று குளிர்ந்து நீராகின்றது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுமாப்போலக் குழாயின் உட்சுவர் வழியே மீளுகின்றது. மறுமுனையில் மெல்லிய தகடுகளும் ஒரு விசிறியும் உள. விசிறி வெம்மையை வெளியே தள்ளுகின்றது. கோபுரம் வானளாவியது, குழாயோ விரலினும் சிறிது. எனினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

இனி அளவுகளை நோக்குவோம். கணினி வாளா இருக்கும்பொழுது செயலியின் வெப்பநிலை பெரும்பாலும் 40 முதல் 55 செல்சியஸ் பாகை வரை இருக்கும். கடும்பணி ஆற்றும்பொழுது 70 முதல் 90 பாகை வரை ஏறுதல் இயல்பு. பல செயலிகளுக்கு எல்லை 100 பாகை அளவில் உளது. அவ்வெல்லையை அணுகியவுடன் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன் பின்னும் வெம்மை தணியாவிடின் கணினி தானே நின்றுவிடும். இது பழுதன்று, தற்காப்பு. ஆயின் அத்தற்காப்பு அடிக்கடி நிகழுமாயின், வெம்மை வெளியேறும் வழி அடைபட்டுள்ளது என்று அறிதல் வேண்டும்.

நம் நாட்டு வேனில் இங்கே நினைக்கத்தக்கது. அறையின் வெப்பநிலை 25 பாகையாக உள்ளபோது ஒரு செயலி 70 பாகையை எய்துகின்றது எனக் கொள்வோம். அஃதாவது அறையினும் 45 பாகை மிகுதி. சித்திரை, வைகாசித் திங்களில் அறையே 40 பாகையாயின், அதே பணியில் செயலி ஏறத்தாழ 85 பாகையை எய்தும். ஆதலின் தண்ணாட்டார்க்கு ஏற்ற கவனக் குறைவு நமக்கு ஏலாது. காலைப் பொழுதிலோ இரவிலோ கடும்பணியை முடித்துக்கொள்ளுதல் நன்று.

2011-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கிற்று. அதனால் எத்தனையோ எளிய இல்லங்களில் முதன்முறையாகக் கணினி புகுந்தது. அத்தகைய இல்லத்தில் ஒன்று கெட்டால் மற்றொன்று வாங்குதல் எளிதன்று. தேர்வு நெருங்கும் நாளில் கணினி திடீரென நின்றுவிடின், அதிலுள்ள பாடக்குறிப்புகளோடு மாணவனுடைய மன உறுதியும் கலங்கும். ஆகவே காப்பு முறைகளை அறிதல் கடனாகும்.

பெயர் மடிக்கணினியாயினும் அதற்கு உரிய இடம் மேசையே. மெத்தையிலும் தலையணையிலும் வைப்பின், அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மடியில் நெடுநேரம் வைத்திருப்பின் தோலும் நிறம் மாறிக் கெடும். விசிறியிலும் தகடுகளிலும் தூசி படிந்தால் காற்று இயங்காது. ஆதலின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அறிந்தோரைக் கொண்டு துடைப்பித்தல் வேண்டும். விரைந்து குளிரட்டும் எனக் குளிர்பதனப் பெட்டியுள் வைத்தல் பெரும்பிழை. காற்றிலுள்ள ஈரம் உள்ளே நீராகப் படிந்து கருவியையே கெடுக்கும்.

மின்கலத்துக்கு வெம்மை பெரும்பகை. செயலி பொறுக்கும் சூட்டினை மின்கலம் பொறாது. வெயிலில் நிற்கும் வண்டியினுள் கணினியை விட்டுச் செல்லலாகாது. மின்கலம் வீங்கக் கண்டால் அன்றே அதனைப் பயன்படுத்துதலை நிறுத்துக. குத்தவோ அழுத்தவோ முயலற்க. தீப்பற்றும் இடர் உண்டு.

வெம்மை தோன்றாமல் உழைப்பு இல்லை. அவ்வெம்மை செல்ல வழி இருப்பின் கருவி நெடுநாள் வாழும். வழி அடைபடின் விரைவில் கெடும். மாணவர்களே! இன்றே உங்கள் கணினியின் காற்றுத் துளைகளை நோக்குங்கள். விசிறியின் காற்று தடையின்றி வெளிவருகின்றதா என்று கையை வைத்துப் பாருங்கள்.