அஞ்சல் வாயிலின் காவலன்

கோயம்புத்தூர் நகரின் தென்பகுதியில் அமைந்துள்ளது உக்கடம். அதன் அருகே பரந்து கிடக்கும் பெரியகுளம், நொய்யலாற்றின் நீரைக் கால்வாய் வழியே பெறுவது. குளத்தில் நீர் நிறையும்போது ஆகாயத்தாமரையும் படர்வதுண்டு. களைக்கு அஞ்சிக் கால்வாயை அடைத்தால் குளம் வறண்டு போகும். களையை அகற்றாது விட்டால் நீரின் முகமே மறைந்து போகும். ஆதலின், நீரை வரவிட்டுக் களையை மட்டும் நீக்குவதே அறிவுடைமை. தொழில் நிலையங்கள் நாள்தோறும் பெறும் மின்னஞ்சலுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கோவை, பம்புகளுக்கும் மின்மோட்டார்களுக்கும் மாவரைக்கும் கிரைண்டர்களுக்கும் பெயர் பெற்ற நகரம். இவற்றைச் செய்யும் சிறு பட்டறைகளுக்குங்கூட இன்று வெளியூர் வணிகரின் விலை விசாரணைகள் மின்னஞ்சல் வழியே வருகின்றன. அவற்றோடு, கேளாத கடனைத் தருவதாகச் சொல்லும் மடல்களும், வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாகக் கூறும் மடல்களும் அழையா விருந்தாளிகளாய் நுழைகின்றன. இவையே வேண்டா அஞ்சல்கள். ‘ஸ்பேம்’ என்று இவற்றை உலகோர் வழங்குவர்.

இத்தொல்லை நேற்று முளைத்ததன்று. கணினி வலை வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு முதல் மின்னஞ்சலை ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அனுப்பியது 1971ஆம் ஆண்டில். ஏழே ஆண்டுகள் கழிந்தன. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், கேரி தர்க் என்னும் விற்பனையாளர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒருசேர அனுப்பினார். அதுவே முதல் வேண்டா அஞ்சல் எனப்படுகிறது. தபாலில் ஆயிரம் மடல் விடுப்பவன் ஆயிரம் தலைகள் ஒட்ட வேண்டும். மின்னஞ்சலிலோ ஆயிரத்துக்கும் இலட்சத்துக்கும் செலவு வேறுபாடு மிகச் சிறிது. அனுப்புவோனுக்குச் சுமை இல்லை. பெறுவோனுக்கே காலச் சுமை. இத்தொல்லை பெருகியதற்குக் காரணம் இதுவே.

நாள்தோறும் நூறு மடல்களைத் திறந்து பார்த்து, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாய் நீக்குவது எழுத்தரின் பொழுதை விழுங்கும் வேலை. இவ்வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் வழிகளுள் ஒன்று ‘மேக்ரோ’. ‘பெரிய’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஒரு பெரிய கட்டளை, பல சிறு கட்டளைகளாய் விரிந்து முறையே நிறைவேறுவதால் இப்பெயர் அமைந்தது. ‘வீட்டைத் துப்புரவு செய்’ என்று ஒரு சொல் சொன்னால், பெருக்குதல், துடைத்தல், குப்பையைக் கொட்டுதல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கிவிடுகின்றன அன்றோ? அதுபோன்றதே மேக்ரோவும்.

பட்டறை ஒன்றின் எழுத்தர் தம் அஞ்சற் பெட்டிக்கு ஒரு மேக்ரோ எழுதுவதாகக் கொள்வோம். அதன் கட்டளைகள் இவ்வாறு அமையலாம். அனுப்பியவரின் முகவரி வாடிக்கையாளர் பட்டியலில் இருப்பின், மடலை உள்ளே விடுக. முன்னரே தொல்லை தந்த முகவரியாயின், ‘குப்பை’ என்னும் கோப்புறையில் இடுக. புதியவர் மடலின் தலைப்பில் ‘பரிசு’, ‘இலவசம்’ போன்ற சொற்கள் இருப்பின், அதனையும் அங்கேயே இடுக. எழுத்தர் ஒரு மணி நேரம் செய்யும் வேலை இமைப்பொழுதில் முடிந்துவிடும்.

ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. ‘பம்பு வாங்கினால் பொருத்தித் தருவது இலவசமா?’ என்று புதிய வணிகர் ஒருவர் எழுதுகிறார். சொல்லை மட்டும் அறிந்த மேக்ரோ, அதனையும் குப்பையென ஒதுக்கிவிடும். குப்பை ஒன்று உள்ளே நுழைந்தால் எழுத்தருக்குச் சில நொடிகளே இழப்பு. நல்ல மடல் ஒன்று வெளியே தள்ளப்பட்டால், பட்டறைக்கு ஒரு மாத வேலையும் தொழிலாளர்க்குக் கூலியும் இழப்பாகலாம். இரு பிழைகளும் நிகரானவை அல்ல. ஆதலின், மேக்ரோ எதையும் அழித்தல் கூடாது. ஒதுக்கி மட்டும் வைக்க வேண்டும். ஒதுக்கியவற்றை ஒருவர் நாள்தோறும் ஒருமுறை பார்வையிட வேண்டும்.

இக்குறையைக் குறைக்க அறிஞர் வேறொரு வழியும் கண்டனர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலேயர், நிகழ்தகவைப் பற்றி ஒரு கணித நெறியை வகுத்தார். 2002ஆம் ஆண்டில் பால் கிரகாம் என்னும் கணினி வல்லுநர், அந்நெறியைக் கொண்டு வேண்டா அஞ்சலை வடிகட்டும் முறையை விளக்கி எழுத, அது பரவலாயிற்று. நல்ல மடல்களில் ஒரு சொல் எத்துணை முறை வருகிறது, தீய மடல்களில் எத்துணை முறை வருகிறது என்று கணினி எண்ணி வைத்துக்கொள்கிறது. ‘இலவசம்’ என்னும் சொல் ஐயத்தை எழுப்பினாலும், ‘பம்பு’, ‘குதிரைத்திறன்’ என்னும் சொற்கள் உடனிருப்பின் மடல் நல்லதெனத் தேறிவிடுகிறது. ஒரு சொல்லைக் கொண்டு தீர்ப்புக் கூறாது, எல்லாச் சொற்களையும் சீர்தூக்குவதே இம்முறையின் சிறப்பு.

காவலனே கள்வனுக்குக் கருவியானதும் உண்டு. 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ‘மெலிசா’ என்னும் தீய மேக்ரோ, ஓர் ஆவணத்தில் ஒளிந்து மின்னஞ்சல் வழியே பரவியது. ஆவணத்தைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலிலிருந்து முதல் 50 பேருக்கு அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. பல நிறுவனங்களின் அஞ்சற் பணி தடைப்பட்டது. முன்பின் அறியாதவர் அனுப்பும் ஆவணத்தில் ‘மேக்ரோவை இயக்குக’ என்னும் வேண்டுகோள் இருப்பின் அதற்கு இணங்கலாகாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

மேக்ரோவின் கண்ணுக்குத் தப்பும் வஞ்சகமும் ஒன்றுண்டு. நெடுநாள் பழகிய வணிகரின் பெயரைப் பூண்டு, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய கணக்கில் செலுத்துக’ என்று ஒரு மடல் வரும். முகவரி பட்டியலில் உள்ளதுபோல் தோன்றும். சொற்களும் பணிவாகவே இருக்கும். இங்கே கைகொடுப்பது, முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் அவ்வணிகரை அழைத்துக் கேட்கும் சிறு முயற்சியே. பணம் பறிபோய்விட்டால், காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடலாம்.

கணினி களைப்பறியாது, சொன்னதைச் சொன்னபடி செய்யும். ஆனால் சொல்லாததை அது எண்ணிப் பார்ப்பதில்லை. வேலையைக் கருவியிடம் விடலாம், பொறுப்பை விடலாகாது. இவ்வேறுபாட்டை உணர்ந்து பணியாற்றும் எழுத்தரே தம் நிலையத்தின் நல்ல காவலர் ஆவார்.